சுவரில் பதினோரு நீலக் கட்டங்கள்

போன செவ்வாய்க்கிழமை காலை தேவி வந்தார். கையில் இருந்த கடிதத்தை என் மேஜைமேல் வைத்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

கடிதம் 'பரிசீலித்ததில்' என்று ஆரம்பித்தது.

முப்பத்து நான்கு வருடம் வருவாய்த் துறையில் குப்பை கொட்டியவனுக்கு அதற்குமேல் படிக்க வேண்டியதில்லை. அந்தச் சொல்லை நானே எத்தனையோ பேருக்கு அனுப்பியிருக்கிறேன். முதல் வரியில் 'பரிசீலித்ததில்' இருந்தால் கடைசி வரியில் 'இயலவில்லை' காத்துக்கொண்டிருக்கும். நடுவில் இருப்பதெல்லாம் மரியாதைக்கு.

இருந்தாலும் படித்தேன். முருகவேல் – தேவி தம்பதியைக் குழந்தை தத்தெடுக்கத் தகுதியானவர்கள் என்று தற்போது பரிந்துரைக்க இயலவில்லை. காரணம்: வீட்டு ஆய்வின்போது தங்களைப் பற்றிய விவரங்களை அவர்கள் வெளிப்படையாகத் தெரிவிக்கவில்லை.

மறைத்தது அவர்கள். மறைக்கச் சொன்னது நான்.

இந்த வாரப் பத்தியில் சிரிப்பதற்கு அதிகம் இல்லை... முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

முருகவேலையும் தேவியையும் எனக்கு அறிமுகம் செய்துவைத்தது ஒரு மனு. எழுதப்படாத மனு.

ஓய்வு பெற்று மரக்காணத்துக்குப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து, தெருவுக்கு மனு எழுதும் வேலை என்னுடையது. குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, பட்டா பெயர் மாற்றம் — எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் வருவார்கள். நானும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஓய்வு பெற்ற அதிகாரிக்கு மனு என்பது சர்க்கரை நோயாளிக்கு லட்டு மாதிரி.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு மழைக்காலத்தில், தெருக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து வந்தார்கள். உப்பளத்து ஓரம் காலியாகக் கிடக்கும் கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு கும்பல் கூடுகிறதாம். எல்லாரும் கறுப்பு டி-ஷர்ட். டி-ஷர்ட்டில் மண்டை ஓடு. ஆணும் பெண்ணும் தலையை விரித்துப்போட்டு ஆடுகிறார்களாம். பாட்டு என்று ஒன்றைப் போடுகிறார்கள், அது மனிதக் குரலே இல்லையாம். சாத்தான் பூஜை என்றார் ஒருவர். கஞ்சா என்றார் இன்னொருவர். மூன்றாமவர் சமாதான விரும்பி — இரண்டும் இருக்கும் என்றார். நாலாமவர் பேசவே இல்லை. மனுவில் முதல் கையெழுத்து போடத் தயாராகப் பேனாவோடு வந்திருந்தார்.

ஸ்தல விசாரணை செய்யாமல் நான் எதையும் எழுதுவதில்லை. அடுத்த ஞாயிறு குடையை எடுத்துக்கொண்டு போனேன்.

மழை ஆரம்பித்துவிட்டால் உப்பளத்தில் வேலை கிடையாது. பாத்தியெல்லாம் குளமாகிவிடும். கொட்டகையில் உப்பும் இருக்காது, ஆளும் இருக்காது. அன்றைக்கு எட்டொன்பது பேர் இருந்தார்கள். தகர ஷீட் ஏற்றிய லாரி பள்ளத்தில் இறங்குவது போல ஒரு சத்தம். அதற்குள்ளே யாரோ தொண்டையைக் காறிக்கொண்டே சண்டை போடுவது போல இன்னொரு சத்தம். அதுதான் பாட்டு. 'மெட்டல்' என்று பெயராம். பொருத்தமான பெயர்தான்.

அவர்கள் வட்டமாக ஓடினார்கள். ஒருவர்மேல் ஒருவர் மோதினார்கள். தோளால் இடித்துத் தள்ளினார்கள். பருமனான ஒருவர் — கூனிமேட்டில் ஐஸ் கடை வைத்திருக்கும் ரஃபீக் பாய் என்று பிறகு தெரிந்துகொண்டேன் — சேற்றில் வழுக்கி விழுந்தார்.

அடுத்த நொடி எல்லாரும் நின்றார்கள்.

பாட்டு நிற்கவில்லை, ஆட்கள் நின்றார்கள். நாலு கைகள் அவரைத் தூக்கி நிறுத்தின. ஒரு பெண் சேற்றில் துழாவி அவர் மூக்குக் கண்ணாடியைக் கண்டுபிடித்து, டி-ஷர்ட்டில் துடைத்து, அவர் மூக்கிலேயே மாட்டிவிட்டார். ஒருவர் முழங்காலை அமுக்கிப் பார்த்தார். ரஃபீக் பாய் கட்டைவிரலைக் காட்டினார். மறுபடியும் இடித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

அது அவர்களுடைய சட்டமாம். எவ்வளவு வேண்டுமானாலும் மோதலாம். ஆனால் ஒருத்தர் கீழே விழுந்தால், தூக்கிவிடாமல் அடுத்த அடி வைக்கக் கூடாது. நான் பணியாற்றிய எந்த அலுவலகத்து வரிசையிலும் விழுந்தவரை யாரும் அவ்வளவு வேகமாகத் தூக்கிப் பார்த்ததில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கண்ணாடி மாட்டிவிட்ட பெண் வியர்வையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார். என் குடையையும் சட்டைப் பையில் இருந்த பேனாவையும் பார்த்தார்.

"கம்ப்ளெய்ன்ட்டா சார்? டீ குடிச்சிட்டு எழுதுங்க."

அதுதான் தேவி. ஃபிளாஸ்கில் இஞ்சி டீ. அந்தக் கொட்டகையில் டீயைவிட போதையான எதற்கும் இடமில்லை. குடித்துவிட்டு வருபவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். தள்ளாடுபவன் அடுத்தவனைத் தூக்க மாட்டானே!

மனு எழுதவில்லை. தெருக்காரர்களுக்கு என்மேல் வருத்தம். எனக்கு என்மேல் பெருமை.

முருகவேல் ஆரோவில்லில் எலெக்ட்ரீஷியன். தினமும் பைக்கில் போய்வருகிறார். இருபது வயதில் அங்கே ஒரு வீட்டுக்கு வயரிங் வேலைக்குப் போனபோது, ஸ்பீக்கர் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வீட்டுக்காரர் போட்ட பாட்டுதான் ஆரம்பம்.

"ஷாக்கு நமக்குப் பழக்கம் சார். அடிச்சா கைய உதறுவோம். இது அடிச்சது... உதறத் தோணல" என்பார்.

தேவி தையல் வேலை செய்கிறார். இடையஞ்சாவடியில் ஒரு துணி யூனிட்டில் இருந்தவர், இப்போது வீட்டிலேயே இரண்டு மெஷின். கல்யாணமான புதிதில் முருகவேல் இந்தப் பாட்டையெல்லாம் ஹெட்போனில் ரகசியமாகக் கேட்டுக்கொண்டிருந்தாராம். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் தேவி ஒரு பக்கத்தைப் பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொண்டாராம். அன்று பெரிய சண்டை. இவ்வளவு நாள் இதைத் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தாயா என்று.

வெளியாட்கள் இவர்களைப் பார்க்கும் பார்வைதான் வேடிக்கை. ஊரில் இவர்கள் சாத்தான் கும்பல். சரி, ஆரோவில்லில்? அங்கேயும் விடவில்லை. முருகவேல் முதுகுவரை முடி வளர்த்து, மண்டை ஓடு டி-ஷர்ட்டில் போனால் அங்கே ஒரு அம்மாளுக்கு வருத்தமாம். உங்கள் மண்ணின் இசையை இப்படி விட்டுவிட்டீர்களே, உங்கள் வேர் எங்கே என்று கேட்டாராம். அப்போது முருகவேலின் கை ஸ்விட்ச் போர்டுக்குள் இருந்தது. எர்த் வயரைத் தேடிக்கொண்டிருக்கிறேன் அம்மா, கிடைத்ததும் சொல்கிறேன் என்றாராம்.

இவர்களுக்கென்று ஒரு கோட்டு உண்டு. கை வெட்டிய ஜீன்ஸ் கோட்டு. அதில் துணிப் பேட்ச்சுகள் — ஒவ்வொன்றிலும் ஒரு இசைக்குழுவின் பெயர், செடியின் வேரைப் பிடுங்கி ஒட்டியது போல, படிக்கவே முடியாத எழுத்தில். அத்தனை பேருக்கும் தைத்துக்கொடுப்பது தேவிதான். ஆனால் பேட்ச்சைக் கொண்டுபோய்க் கொடுத்தவுடன் தைத்துவிட மாட்டார். எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்பார். அந்தக் குழுவின் பாட்டு முழுவதையும் கேட்டிருக்க வேண்டும். எது பிடிக்கும், எது பிடிக்காது, ஏன் பிடிக்காது என்று சொல்லத் தெரிய வேண்டும். தேறினால்தான் ஊசியை எடுப்பார். சொந்தத் தம்பியை மூன்று தடவை திருப்பி அனுப்பியிருக்கிறார். எங்கள் காலத்தில் வருமானச் சான்றிதழை இவ்வளவு கறாராகக் கொடுத்திருந்தால் நாடு எங்கேயோ போயிருக்கும்.

கேட்காமலேயே படத்தை மாட்டிக்கொண்டு திரிபவனுக்கு அவர்களிடம் ஒரு பெயர் இருக்கிறது. போசர். அவர்கள் அகராதியில் அதைவிடக் கெட்ட வார்த்தை இல்லை. குடிகாரனை மன்னிப்பார்கள். கடன் வாங்கிவிட்டு ஓடியவனைக்கூட ஒரு கட்டத்தில் மன்னித்துவிடுவார்கள். போசரை மன்னிக்க மாட்டார்கள்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் செய்தேன்.

கல்யாணமாகிப் பதினாறு வருடம். புதுச்சேரியில் ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. ஒருநாள் இரண்டு பேரும் பேசி அதை நிறுத்திவிட்டார்கள். தத்தெடுக்கப் பதிவு செய்தார்கள். அதற்கு, தெரிந்தவர்கள் இரண்டு பேர் நற்சான்றுக் கடிதம் தர வேண்டும். ஒன்று ரஃபீக் பாய். இன்னொன்று நான்.

அவர்கள் கேட்டது ஒரு கையெழுத்து. நான் எடுத்துக்கொண்டது மொத்த ஃபைல்.

விதிகளை வரவழைத்துப் படித்தேன். கணவன் மனைவி இருவர் வயதையும் கூட்டுவார்கள். இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தை வேண்டுமென்றால் கூட்டுத்தொகை எண்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. பதிவு செய்த நாளன்று முருகவேலுக்கு நாற்பத்து மூன்று, தேவிக்கு நாற்பத்தொன்று. எண்பத்து நான்கு. ஒரு மதிப்பெண் வித்தியாசத்தில் பாஸ். இந்தப் பதிவு ரத்தாகி, புதிதாகப் பதிவு செய்ய நேர்ந்தால் வயதும் புதிதாகிவிடும். கைக்குழந்தை கிடையாது.

"பெரிய புள்ளையா குடுத்தாலும் நாங்க வேணாங்க மாட்டோம் சார்" என்றார் தேவி. "ஆனா ஒரு தடவையாவது தூக்கி வெச்சிக்கணும்னு ஆச இருக்குது. நடக்கத் தெரியாதத."

சமூகப் பணியாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை எழுதுவார் என்று தகவல் வந்தது. தேதியும் வந்தது. அங்கேதான் என் உடம்பில் ஊறியிருந்த வியாதி எழுந்து உட்கார்ந்தது.

அலுவலகத்தில் ஆய்வு என்றால் என்ன செய்வோம் தெரியுமா? சுண்ணாம்பு அடிப்போம். நடைபாதைக் கற்களுக்கு வெள்ளை, காவி, வெள்ளை, காவி. உடைந்த நாற்காலியெல்லாம் மொட்டை மாடிக்குப் போகும். தீராத ஃபைல்கள் கட்டோடு பீரோவுக்குப் பின்னால் போகும். பக்கத்து அலுவலகத்திலிருந்து பூந்தொட்டிகள் வரும். ஒரு குரோட்டன்ஸ் செடி எங்கள் மாவட்டத்தில் இருந்தது — என்னைவிட அதிகமாக டூர் போன செடி. ஒரு கலெக்டர் அதை மூன்றாவது ஊரில் அடையாளம் கண்டுகொண்டு, "எப்படி இருக்கிறாய்?" என்று அதனிடமே விசாரித்தார். எங்களை ஒன்றும் கேட்கவில்லை. அவரும் எங்களைப் போலச் சுண்ணாம்பு அடித்துத்தானே மேலே வந்தவர்.

ஆய்வுக்கு இரண்டு நாள் முன்னால் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கூடத்துச் சுவர் நீல டிஸ்டெம்பர். அதில் பதினோரு போஸ்டர்கள். எலும்புக்கூடு, எரிகிற மாதா கோயில் மாதிரி ஒன்று, கொம்பு வைத்த ஏதோ ஒன்று.

"எல்லாத்தையும் கழட்டிடுப்பா" என்றேன்.

முருகவேல் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். இதில் என்ன சார் தப்பு, நாங்கள் யாருக்கும் ஒன்றும் செய்யவில்லையே என்று கேட்டார். தப்பு இல்லை, ஆனால் பார்க்கிறவர் யாரென்று நமக்குத் தெரியாது, ஃபைல் நகர வேண்டுமா வேண்டாமா என்று நான் கேட்டேன். ஃபைல் நகர வேண்டுமா என்ற கேள்விக்கு இந்த நாட்டில் யாரும் வேண்டாம் என்று பதில் சொன்னதில்லை.

போஸ்டர்களை முருகவேலே கழற்றினார். நகத்தால் டேப்பை மெதுவாகக் கிள்ளி, காகிதம் கிழியாமல். டி-ஷர்ட்டுகள், கோட்டுகள், ஸ்பீக்கர் எல்லாம் மூட்டையாகக் கட்டப்பட்டன. ரஃபீக் பாய் வண்டியோடு வந்து தன் ஐஸ் கடைக்கு ஏற்றிக்கொண்டு போனார். அவர் அன்று என்னோடு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு சின்னக் கோட்டு இருந்தது. என் உள்ளங்கை இரண்டை விரித்து வைத்தால் மூடிவிடலாம். ஜீன்ஸ் துணி. கை வெட்டி, ஓரம் மடித்து, இரட்டைத் தையல். பேட்ச் ஒன்றுகூட இல்லை.

"இதுல ஒண்ணும் தெக்கல சார்" என்றார் தேவி. "அதுவா கேக்கட்டும். புடிச்சா அப்பறம் தெச்சிக்கலாம். புடிக்கலன்னா வெறும் கோட்டாவே போட்டுக்கட்டும்."

நான் என்ன சொன்னேன்? அதையும் மூட்டையில் போடச் சொன்னேன்.

அப்புறம் முடி. பதினான்கு வருடம் வளர்த்த முடி. நான் நேரடியாகச் சொல்லவில்லை. 'முதல் பார்வை' என்பதன் முக்கியத்துவத்தைப் பற்றிக் கால் மணி நேரம் பொதுவாகப் பேசினேன். மறுநாள் சாயந்திரம் முருகவேல் வெட்டிக்கொண்டு வந்து நின்றார். கழுத்து மட்டும் வெளுப்பாக, யாரோ ஒருவருடையது போல இருந்தது. நன்றாக இருக்கிறது என்றேன். தேவி மெஷினிலிருந்து தலை நிமிரவில்லை.

விண்ணப்பத்தோடு ஒரு குறிப்பும் கொடுக்க வேண்டியிருந்தது — குடும்பத்தைப் பற்றி, பழக்கவழக்கங்களைப் பற்றி. அதை நானே எழுதினேன். பொழுதுபோக்கு: பக்தி இசை கேட்டல். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதைப் பாராட்டாத மேலதிகாரி கிடையாது.

வந்த பெண்ணின் பெயர் நிர்மலா. முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். ஸ்கூட்டரில், ஹெல்மெட்டோடு வந்தார். நான் அங்கே இல்லை. நடந்தது முருகவேல் பிறகு சொல்லித் தெரிந்ததுதான்.

நன்றாகத்தான் ஆரம்பித்ததாம். சமையல்கட்டைப் பார்த்தார். கிணற்றுக்கு மூடி இருக்கிறதா என்று பார்த்தார். தையல் மெஷின் ஊசி குழந்தைக்கு எட்டுமா என்று பார்த்தார். கூடத்துக்கு வந்தவர் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார்.

கடற்காற்று ஊர் இது. உப்புக் காற்றில் டிஸ்டெம்பர் இரண்டே வருடத்தில் சாம்பல் பூத்துவிடும். சுவர் முழுவதும் வெளுத்திருந்தது. போஸ்டர் இருந்த இடம் மட்டும் அடித்த அன்றைக்கு இருந்த நீலத்தில் பளிச்சென்று இருந்தது. பதினோரு கட்டங்கள். ஆயுள் முழுக்க ஆய்வுக்குச் சுண்ணாம்பு அடித்தவன், இந்தச் சுவருக்கு ஒரு கோட்டிங் அடிக்க மறந்துவிட்டேன்.

"இங்க என்னங்க மாட்டியிருந்தீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"சாமி படங்க" என்றிருக்கிறார் முருகவேல்.

"பதினோரு சாமியா? எங்க எல்லாம்?"

கண்ணாடி போட எடுத்துப்போயிருக்கிறார்கள் என்று தேவி சொல்லியிருக்கிறார். என்ன பக்திப் பாட்டு பிடிக்கும் என்று நிர்மலா அடுத்து கேட்டிருக்கிறார். கோயில் ஸ்பீக்கரில் தினமும் காலையில் காதில் விழும் ஒன்றைச் சொல்லியிருக்கிறார் முருகவேல். இரண்டாவது வரி தெரியவில்லை. இருபது வருடம் பாட்டுக் கேட்டதில் ஒரு வரிகூட மறக்காத மனிதர். கேட்காமலேயே மாட்டிக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டாராம்.

பக்கத்து வீடுகளிலும் எங்கள் தெருவிலும் விசாரித்திருக்கிறார். கேட்கவா வேண்டும்! அன்றைக்கு மனுவுக்கு வந்த அந்த நாலு பேரும் நாற்பது பேர் அளவுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

கடைசியாக என்னிடம் வந்தார். நற்சான்று கொடுத்தவன் ஆயிற்றே. ஒழுக்கமான தம்பதி, உழைப்பாளிகள், கடன் இல்லை, வழக்கு இல்லை என்று ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அவங்க என்ன பாட்டு கேப்பாங்க சார்?"

"எனக்குத் தெரிந்தவரையில்..." என்று ஆரம்பித்தேன். எங்கள் துறையில் பொய் சொல்லப்போகிறவர் இந்த இரண்டு சொற்களால்தான் கதவைத் திறப்பார். "எனக்குத் தெரிந்தவரையில், பக்திப் பாட்டு."

அவர் பேனாவை மூடினார். குரலை உயர்த்தவில்லை. அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"மண்டை ஓடு படம் மாட்டியிருக்காங்களான்னு எங்க ஃபார்ம்ல கேள்வி இல்ல சார். பக்கத்து வீட்டுக்காரங்க சொன்னத வெச்சும் நான் எதுவும் எழுத மாட்டேன். ஆனா வரப்போற குழந்தைகிட்ட ஒருநாள், நீ தத்தெடுத்த பிள்ளைன்னு அவங்க வாயாலேயே சொல்லணும். அதுக்கு தைரியம் இருக்குதான்னுதான் நான் பாக்க வந்தேன். சொல்லுவாங்களா? இல்ல, யாராவது ஏதாவது நெனைப்பாங்கன்னு அதையும் சுவத்துலேர்ந்து கழட்டி வெச்சிடுவாங்களா?"

என்னிடம் பதில் இருந்தது. ரஃபீக் பாயின் ஐஸ் கடையில், ஒரு மூட்டைக்குள், பேட்ச் இல்லாத சின்னக் கோட்டாக இருந்தது. அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் 'எனக்குத் தெரிந்தவரையில்' பொய்யாகிவிடும். நற்சான்று கொடுத்தவரின் நம்பகத்தன்மை போனால் ஃபைல் பலவீனமாகும்... அந்த நிமிடத்திலும் மனசு ஃபைலைத்தான் கட்டிக்கொண்டிருந்தது. மோர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதற்கு அடுத்த வாரம் ஐஸ் வாங்கும் சாக்கில் கூனிமேடு போனேன். மூட்டைகள் கடையின் மூலையிலேயே இருந்தன. முருகவேல் எடுக்க வரவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்கு ஒரு தடவை வந்தாராம். வெட்டிய தலையை யாரும் கேலி செய்யவில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. பாட்டு போட்டார்கள். முருகவேல் ஓரமாகவே நின்றுவிட்டுக் கிளம்பிப் போய்விட்டாராம்.

ரஃபீக் பாய் ஐஸை உடைத்துக்கொண்டே பேசினார்.

"வீட்ல ஒண்ணு கேட்டுக்கினு வெளிய வேற படம் மாட்டிக்கினு திரியறவன நாங்க போசர்னு சொல்லுவோம் சார். பதினஞ்சு வருசத்துல எங்க ஆளுங்கள்ல ஒருத்தனும் அந்தப் பேர் வாங்கல. நீங்க அவங்க சொந்த வீட்டுக்குள்ளவே அவங்கள அப்டி ஆக்கிட்டீங்களே சார்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

நானும் சாத்தான் பூஜை என்று நினைத்தவன் இல்லை. அதுதான் விசேஷம். நாலு பேர் எழுதச் சொன்ன மனுவை எழுதாமல் விட்டவன் என்று இரண்டு வருடமாக என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால், அதே மனுவை நானும் எழுதித்தான் இருக்கிறேன் — முத்தான கையெழுத்தில், வேறு ஃபாரத்தில். அவர்கள் இருக்கிறபடி இருந்தால் குழந்தைக்கு ஆகாது என்றுதானே அந்த நாலு பேரும் சொன்னார்கள்? நான் போஸ்டரைக் கழற்றச் சொன்னதற்கு வேறு என்ன அர்த்தம்?

வெறுக்கிறவர்கள் சத்தமாக வெறுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நம்முடைய நன்மைக்காக நம்மை மறைக்கச் சொல்கிறவர்களிடமிருந்துதான் தப்பிக்க வழியே இல்லை.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். கடிதத்தைப் படித்து முடித்தேன். மேல்முறையீட்டுக்கு வழி இருந்தது. மேல்முறையீடு ஏற்கப்பட்டால் பழைய பதிவு உயிரோடு இருக்கும். அந்த எண்பத்து நான்கும் அப்படியே நிற்கும். நிராகரிக்கப்பட்டால் எல்லாம் முதலிலிருந்து. முருகவேலுக்கும் தேவிக்கும் அதற்குள் இன்னொரு பிறந்தநாள் வந்து போயிருக்கும்.

என் கை தானாகவே வெள்ளைத்தாளை எடுத்தது. 'ஆய்வின்போது ஏற்பட்ட தவறான புரிதலின் காரணமாக' என்று மனசுக்குள் முதல் வரி தயார். போஸ்டர்கள் சுவர் பராமரிப்புக்காக அகற்றப்பட்டவை என்று சொல்லலாம். பக்தி இசை 'உட்பட' பலவகை இசை என்று மாற்றிவிடலாம். உட்பட என்ற ஒரு சொல் எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கிறது!

"ஏம்மா, உட்காரு. ஒரு மணி நேரத்துல டிராஃப்ட் ரெடி பண்ணிடலாம்" என்றேன்.

"வேணாம் சார்" என்றார் தேவி.

பேனாவை மூடி வைக்கத் தோன்றாமல் அப்படியே பார்த்தேன்.

"நீங்க கெட்டது நெனச்சி செய்யல. அது எங்களுக்குத் தெரியும். கழட்டுன கை எங்க கைதான். நாங்களும்தான் பொய் சொன்னோம்." கடிதத்தை மேஜையிலிருந்து எடுத்து நாலாக மடித்துக்கொண்டார். "ஆனா நாங்க யாருன்னே சொல்லாம எங்கள நல்லவங்கன்னு எழுதிட்டீங்க சார். இந்தத் தடவ நாங்களே எழுதறோம்."

எப்படி எழுத வேண்டும், யாருக்கு முகவரியிட வேண்டும், எத்தனை நாளுக்குள் சேர வேண்டும் என்று மட்டுமாவது சொல்கிறேன் என்றேன். தேதியை மட்டும் கேட்டுக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பி, முருகவேல் வருத்தமெல்லாம் படவில்லை, முடி வளர்ந்துவிடும் சார் என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை முருகவேலைப் பெட்ரோல் பங்கில் பார்த்தேன். எழுதி அனுப்பிவிட்டார்களாம். நாலு பக்கம். தேவி சொல்லச் சொல்ல இவர் எழுதினாராம், சண்டை போட்டுக்கொண்டே. என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதினோம் சார் என்றார். என் பெயரும் அதில் இருக்குமா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. பதில் வர எத்தனை மாதம் ஆகும் என்று அவர் கேட்டார். அது எனக்குத் தெரியும். சொன்னேன். தலையாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அந்த நாலு பக்கத்தை என்னிடம் காட்டவில்லை. நல்லவேளை. காட்டியிருந்தால் திருத்தியிருப்பேன்.